கியூபாவின் இசைச் செல்வர் செர்வாந்தெஸ்

கடல் சூழ்ந்த நாடுகளுள் இசையால் பெரும்பெயர் பெற்றது கியூபா. சர்க்கரையும் புகையிலையும் விளையும் அத்தீவில், பியானோ என்னும் ஐரோப்பிய வாத்தியத்தைத் தம் மண்ணின் மொழி பேசவைத்த பெருமக்களுள் ஒருவர் இக்னாசியோ செர்வாந்தெஸ்.

அவர் 1847-ஆம் ஆண்டு ஹவானா நகரில் தோன்றினார். அந்நாளில் கியூபா ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. செல்வர் மாளிகைகளில் பியானோ ஒலித்தது. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் முரசு ஒலித்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த கோந்திரதான்சா என்னும் நடன இசையில் இவ்விரண்டும் கலந்தன. அக்கலப்பைப் பியானோவில் முன்னரே அமைத்துக் காட்டியவர் மானுவேல் சௌமெல். அவர் இட்ட வித்தை மரமாக்கியவர் செர்வாந்தெஸ்.

இளமையில் அமெரிக்கப் பியானோ வித்துவான் காட்ஸ்சாக்கிடம் பாடம் கேட்டார். பின்னர்ப் பாரிஸ் இசைக் கல்லூரியில் பயின்று பரிசுகள் வென்றார். புகழும் பொருளும் அங்கே காத்திருந்தும், 1870-இல் தாயகம் மீண்டார்.

அவர் இயற்றிய கியூப நடனங்கள் ஏறத்தாழ 40. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடங்களில் முடியும் சிற்றுருப்படி. நம் யாப்பிலக்கண வழக்கிற் கூறின், நெடில், குறில், நெடில், குறில், நெடில் என ஐந்து தட்டுகள் கொண்ட முரசுத் தாளம் இவ்வகை இசையின் உயிர்நாடி. அடிமைக் குடிசையின் தாளம் மாளிகைக் கூடத்தில் ஏறி அமர்ந்தது!

1868-இல் விடுதலைப் போர் மூண்டது. செர்வாந்தெஸும், வயலின் மேதை ஹோசே ஒயிட்டும் ஊர்தோறும் கச்சேரி செய்து, வந்த பொருளைப் போராளிகளுக்கு அனுப்பினர். ஆட்சியாளர் இதனை அறிந்து, 1875-இல் இருவரையும் நாட்டைவிட்டு வெளியேறச் செய்தனர். தமக்கு மிக அண்மையிலுள்ள அமெரிக்காவிற்கே செல்வதாகவும், அங்கும் இதே பணியைத் தொடரலாம் என்றும் செர்வாந்தெஸ் அஞ்சாது மொழிந்தார் என்பர். கியூபாவிடம் விடைபெறுதல் என்று பொருள்படும் பெயர் கொண்ட அவருடைய சிற்றுருப்படி, அப்பிரிவின் துயரை ஒரு சொல்லும் இன்றி உணர்த்துகின்றது.

போர் ஓய்ந்தபின் 1879-இல் திரும்பினார். 1895-இல் மீண்டும் போர் மூளவே, மீண்டும் வெளிநாடு சென்றார். 1902-இல் கியூபா தனி நாடாயிற்று. அதனைக் கண்ணாரக் கண்டபின், 1905-இல் பிறந்த ஹவானாவிலேயே மறைந்தார்.

அவர் காலத்திலேயே, 1879-இல், மிகேல் ஃபயில்தேயின் வாத்தியக் குழு தான்சோன் என்னும் புதிய நடன இசையை அரங்கேற்றியது. இருபதாம் நூற்றாண்டில் அக்குழுக்களில் பியானோ இடம் பெற்றது. தான்சோனிலிருந்து மாம்போவும் சாசாசாவும் கிளைத்து உலகெங்கும் பரவின. இன்று கியூப மெல்லிசையில் பியானோவும் முரசோடு முரசாய்த் தாளம் கூறுகின்றது.

வீட்டை விட்டுப் புறப்படுகையில் போகிறேன் என்னாது, போய் வருகிறேன் என்பது நம் வழக்கு. இருமுறை நாடு நீங்கி இருமுறையும் மீண்ட இப்பெருமகனார் அச்சொல்லைத் தம் வாழ்வாலேயே சொன்னார். பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் வாழும் நாம் நம் மக்களுக்கு எதைக் கற்பித்தாலும், தாயகத்தின் தாளத்தையும் உடன் கற்பிப்போமாக!