மிருதங்கத்தைத் திருப்பி வைத்தவர்: யார் இந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை?

யுகுலேலே, கிடார் வாங்கும் இடதுகைக்காரர்கள் கடையிலேயே தந்தியை மாத்திக் கட்டச் சொல்லணும். மிருதங்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. திருப்பி வைத்தாலே போதும். ஆனா மேடையில் உட்காரும் இடம்?

அதில்தான் சிக்கினார் இடதுகை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908-ல் பிறந்த அவருக்கு தந்தை முத்தையா பிள்ளையிடமும், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் பயிற்சி.

என்ன பிரச்னை?

வழக்கமா மிருதங்கம் பாடகருக்கு வலப்பக்கம், வயலின் இடப்பக்கம். அப்போதான் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். இடதுகைக்காரர் வாசித்தால் இருவருமே இடம் மாறணும். சில வயலின் வித்வான்கள் சம்மதிக்கவில்லை. வாய்ப்புகள் நழுவின.

திருப்பம் எப்படி வந்தது?

செம்பை வைத்தியநாத பாகவதர் தன் கச்சேரிகளில் அவரை விடாமல் சேர்த்துக்கொண்டார். மிருதங்கத்தின் தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி நாதமும், துல்லியமான கணக்கும் ரசிகர்களைக் கட்டிப்போட்டன. பாலக்காடு மணி ஐயருக்கு இணையாகப் பேசப்பட்டார்.

1962-ல் மறைந்தார். அவரது பாணியை சீடர் திருச்சி சங்கரன் கனடாவின் யார்க் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய்க் கற்றுக்கொடுத்தார்.