ஒத்த இழைகளின் உறுதி

நுழையும்முன்

ஒரு கயிறு அறுந்தபின்பே அதன் வலிமையைப் பற்றி மனிதர் சிந்திக்கின்றனர். அறுவதற்கு முன்பே சிந்தித்தவர் சிலர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த துணி வணிகர் ஒருவர், குதிரைவால் முடியில் திரித்த தூண்டில் நூல் ஏன் அறுகிறது என்பதை ஆராய்ந்து எழுதினார். அந்நூல் அவர் மறைந்து மூன்றரை நூற்றாண்டுகளை நெருங்கும் இக்காலத்திலும் அச்சில் இருக்கிறது. ஐசக் வால்டன் என்னும் அம்மனிதரின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் வணிகமும்

ஐசக் வால்டன் 1593ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டாஃபோர்டு நகரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோதே தந்தை இறந்துபோனார். செல்வமும் உயர்கல்வியும் வாய்க்காத அச்சிறுவர், வளர்ந்தபின் பிழைப்பு நாடி இலண்டன் சென்றார். அங்கு உறவினர் ஒருவரிடம் தொழில் பயின்றார். 1618ஆம் ஆண்டு இரும்பு வணிகர் குழுமத்தில் உறுப்பினரானார். குழுமத்தின் பெயர் அவ்வாறு இருப்பினும், அவர் ஈடுபட்டது துணி வணிகத்திலேயே. நகரின் ஃபிளீட் தெருவில் அவரது கடை இருந்தது. இழையின் தரத்தை ஆராய்ந்து பொருள் வாங்குவதே அவரது அன்றாட வேலையாயிற்று.

அவர் வாழ்ந்த பகுதியில் இருந்த புனித டன்ஸ்டன் தேவாலயத்தில் 1624ஆம் ஆண்டு புகழ்பெற்ற கவிஞரான ஜான் டன் சமயகுருவாகப் பொறுப்பேற்றார். பல்கலைக்கழகத்தை அறியாத வணிகரும் பேரறிஞரான கவிஞரும் நண்பர்களாயினர். 1631இல் டன் மறைந்தார். அவரது வரலாற்றை எழுத முன்வந்த ஹென்றி வாட்டன் என்பவர், செய்திகளைத் திரட்டித் தருமாறு வால்டனை வேண்டினார். ஆனால், எழுதும் முன்பே வாட்டனும் 1639இல் காலமானார். திரட்டிய செய்திகள் வால்டன் கையில் இருந்தன. எழுதுவதற்கோ வேறு எவரும் இல்லை. அவரே எழுதினார். 1640இல் டன்னின் சமயச் சொற்பொழிவுத் தொகுப்பின் முன்னுரையாக அவ்வரலாறு வெளியாயிற்று. பின்னர் வாட்டன், ஹூக்கர், ஜார்ஜ் ஹெர்பர்ட், சாண்டர்சன் ஆகியோரின் வரலாறுகளையும் அவர் எழுதினார். ஆங்கில வாழ்க்கை வரலாற்று இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று அவர் மதிக்கப்படுகிறார்.

இழப்புகளும் போரும்

வால்டனின் இல்வாழ்வு துயரம் நிறைந்தது. 1626ஆம் ஆண்டு ரேச்சல் என்னும் பெண்மணியை அவர் மணந்தார். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் எழுவர். எழுவருமே இளமையில் மடிந்தனர். 1640இல் ரேச்சலும் மறைந்தார். அதே காலத்தில் நாடும் நிலைகுலைந்தது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை துண்டிக்கப்பட்டது. வால்டன் மன்னர் பக்கம் நின்றவர். அவர் போற்றிய சமயகுருமார் பலர் பதவி இழந்தனர். சிலர் நாட்டைவிட்டே வெளியேறினர்.

1651 செப்டம்பரில் நிகழ்ந்த வூஸ்டர் போரில் இளவலான இரண்டாம் சார்லஸ் தோற்றுத் தப்பியோடினார். அவருடைய அரச விருதணி ஒன்று எதிரிகளின் கையில் சிக்காதவாறு மறைத்து வைக்கப்பட்டது. அது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, இறுதியில் வால்டனிடம் வந்தது. பிடிபட்டால் பெருந்தண்டனை உறுதி என்பதை அறிந்தும், அறுபதை நெருங்கிய அவ்வணிகர் அதனை இலண்டனுக்குக் கொண்டு சென்று, கோபுரச் சிறையில் இருந்த படைத்தலைவரிடம் சேர்த்தார். சிறையிலிருந்து தப்பிய அத்தலைவர் அதனை உரியவரிடம் ஒப்படைத்தார். கைமாறிய அத்தொடரில் ஒருவர் தவறியிருப்பினும் அனைவரின் உழைப்பும் வீணாகியிருக்கும்.

தூண்டிற்கலை நூல்

இச்சூழலில்தான், 1653ஆம் ஆண்டு மே மாதத்தில், முழுநிறைத் தூண்டிற்காரர் எனப் பொருள்படும் பெயரில் அவரது நூல் வெளிவந்தது. அப்போது அவர் அறுபதாம் அகவையில் இருந்தார். பதினெட்டுப் பென்னி விலைக்கு விற்ற சிறுநூல் அது. தூண்டிற்காரர் ஒருவரும் வழியில் சந்திப்பவரும் உரையாடிச் செல்லும் வகையில் அமைந்தது. 1655இல் வெளியான இரண்டாம் பதிப்பில் வேட்டைக்காரர், பருந்து வளர்ப்பவர், தூண்டிற்காரர் என மூவர் இடம்பெற்றனர். இலண்டனை அடுத்த டாட்டன்ஹாம் குன்றில் மூவரும் சந்திக்கின்றனர். பருந்து வளர்ப்பவர் விடைபெற, வேட்டைக்காரர் தூண்டிற்காரரின் மாணவராகிறார். லீ ஆற்றங்கரையோரம் நடந்தபடியே பாடம் நிகழ்கிறது.

இந்நூலுக்கு முன்பும் இத்துறையில் நூல்கள் இருந்தன. ஆங்கிலத்தில் மீன்பிடிக்கலை குறித்த உரைநூல் 1496இலேயே அச்சேறியது. செயற்கைப் பூச்சியைக்கொண்டு மீன்பிடிக்கும் முறையைத் தாமஸ் பார்க்கர் என்பவரிடமிருந்து அறிந்ததாக வால்டன் வெளிப்படையாகக் குறிப்பிட்டுள்ளார். எனினும், கருவியின் குறையை நுணுகி நோக்கி அதன் காரணத்தைத் தெளிவுபடுத்திய பாங்கு அவரது நூலுக்குத் தனிச்சிறப்பைத் தந்தது.

இழை அறுவது ஏன்?

அக்காலத் தூண்டில் நூல் குதிரையின் வால்முடியால் ஆனது. ஒரு முடியின் நீளம் போதாது என்பதால், சில முடிகளைச் சேர்த்துத் திரித்துச் சிறு துண்டுகளாக்கி, அத்துண்டுகளை முடிச்சிட்டு நீண்ட நூலாக்குவர். கோலின் நுனியருகே முடிகளின் எண்ணிக்கை மிகுந்தும், முள்ளை நெருங்க நெருங்கக் குறைந்தும் இருக்கும். முள்ளை ஒட்டிய மூன்று நான்கு துண்டுகளில் மூன்று அல்லது நான்கு முடிகளுக்கு மேல் கூடாது என்பது வால்டனின் அறிவுரை. ஒற்றை முடியால் பிடிக்கும் திறன் வாய்த்தால் மீன் மேலும் மிகுதியாகச் சிக்கும் என்றும் அவர் கருதினார். நூல் தடித்தால் தெளிந்த நீரில் மீன் அதனைக் கண்டு விலகும். மெலிந்தால் பிடிபட்ட மீன் அறுத்துச் செல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே தூண்டிற்காரரின் திறமை.

அவ்வழிக்கு முதற்படி முடியைத் தேர்ந்தெடுத்தல். உருண்டதாகவும், கண்ணாடிபோல் தெளிந்ததாகவும், வடுவோ தேய்வோ அற்றதாகவும் உள்ள முடியையே கொள்ள வேண்டும் என்றார் அவர். அத்தகைய ஒரு முடி, பழுதுற்ற மூன்று முடிகளின் வலிமைக்கு ஈடாகும் என்பது அவரது மதிப்பீடு. இழையில் சிறு வடு இருப்பின் இழுவிசையின் தாக்கம் அவ்விடத்தில் மிகும். மற்றப் பகுதிகள் எத்துணை உறுதியாயினும் அங்கேயே இழை அறும்.

அடுத்தது அவரது நூலின் மிக நுட்பமான செய்தி. சேர்த்துத் திரிக்கும் முடிகள் யாவும் ஒரே பருமன் உடையனவாக இருத்தல் வேண்டும். ஒத்த பருமனுள்ள முடிகள் ஒருசேர நீளும். பளுவை ஒருசேரத் தாங்கும். தாங்க இயலாதபோது ஒருசேர அறும். பருமன் வேறுபட்ட முடிகளோ ஒவ்வொன்றாக அறுந்து, தம்மை நம்பியவரை ஏமாற்றிவிடும். நான்கு முடிகள் உள்ளன என எண்ணியே அவர் பெரிய மீனை இழுக்கிறார். உண்மையில் அந்நொடியில் பளுவைத் தாங்குவது ஒரு முடியே. அது அறுந்ததும் பளு அடுத்ததன்மீது விழுகிறது, அதுவும் அறுகிறது. இன்றைய பொறியியல், கயிற்றின் புரிகளுக்கிடையே பளு சமமாகப் பகிரப்படுதல் குறித்துப் பேசுவதும் இவ்வுண்மையையே.

மூன்றாவது, நீர். திரித்த துண்டுகளைக் கால் மணி நேரமேனும் நீரில் ஊறவைத்து, மீண்டும் ஒருமுறை திரித்தபின்பே முடிச்சிட வேண்டும். இதனைச் செய்யாதுவிட்டால், முதன்முறை ஆற்றில் நனைந்ததும் ஓரிரு முடிகள் சுருங்கிக் குறுகும். குறுகிய முடியே முதலில் இறுகும்; முதலில் அறும். ஆகவே, ஆற்றில் நேரவிருப்பதைக் கரையிலேயே நேரச்செய்து குறையைக் களைந்துகொள்வது அவர் கண்ட வழி.

நூலின் நிறத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பார்லிமது, புகைக்கரி, வால்நட் மர இலையின் சாறு, படிகாரம் ஆகியவற்றைச் சேர்த்து அரைமணி நேரம் கொதிக்கவைத்து ஆறியபின், அதில் முடியைத் தோய்த்து நீரின் பசுநிறம் ஏற்றும் முறையை விளக்கியுள்ளார்.

வளையும் கோல்

இழை மட்டும் நன்றாயிருந்தால் போதாது. அக்காலத்தில் நூலைச் சுற்றும் உருளை அரிதாகவே வழங்கியது. சால்மன் போன்ற பெருமீன்களுக்குச் சிலர் அதனைப் பயன்படுத்துவதை வால்டன் குறிப்பிட்டுள்ளார். பெரும்பாலோரின் நூல் கோலின் நுனியிலேயே கட்டப்பட்டிருந்தது. மீன் திமிறும்போது கோல் வளைந்து கொடுத்து அதிர்வை ஏற்கும். கோலும் நூலும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்டால் வளைவதற்கு இடமின்றி முழு விசையும் மெல்லிய முடியின்மீது விழும். அத்தகைய நெருக்கடியில் கோலையே ஆற்றில் எறிந்துவிடுவது வால்டனின் வழக்கம். மிதக்கும் கோலை இழுத்து இழுத்து மீன் களைத்தபின், அதனை மீட்டுக்கொள்ளலாம். பிடியைத் தளர்த்தத் தெரியாதவர் இழையைக் காக்க இயலாது என்பதை இச்செயல் உணர்த்துகிறது.

நூலில் ஓரிடத்தில் ஆசிரியர் பிடித்திருந்த தூண்டிலில் நல்ல டிரவுட் மீன் ஒன்று சிக்கி, நூலை அறுத்துக்கொண்டு தப்புகிறது. பாதி நூலும் நல்ல முள்ளும் போயினவே என ஆசிரியர் கூற, நல்ல மீனும் போயிற்றே என மாணவர் வருந்துகிறார். மீனை இழப்பாகக் கருதலாகாது. ஒருபோதும் தன்னுடையதாக இராத ஒன்றை எவரும் இழப்பதில்லை என ஆசிரியர் தெளிவுபடுத்துகிறார். மனைவியையும் ஏழு குழந்தைகளையும் மண்ணுக்குக் கொடுத்த மனிதரின் எழுத்து இது என்பதை அறிந்து படிப்போர்க்கு, எது இழப்பு என்பதை அவர் நன்கறிந்தவர் என்பது புலனாகும்.

கருவிகளை எங்கு வாங்குவது என்பதிலும் அவர் கவனம் செலுத்தினார். இலண்டனில் தூண்டிற்கருவி விற்போர் இருவரைப் பிற்காலப் பதிப்பில் சுட்டி, அவர்களின் நேர்மையைப் பாராட்டியுள்ளார். மூட்டையாகக் கட்டிய முடியின் உள்ளே இருப்பதைக் கண்ணால் காண இயலாது. விற்பவரின் சொல்லையே நம்ப வேண்டும். எனவே, பொருளின் தரத்தோடு விற்பவரின் நேர்மையையும் கருதுவது வணிகரான அவருக்கு இயல்பாயிற்று.

டவ் ஆற்றங்கரை நட்பு

வால்டன் இரண்டாம் முறை மணந்த ஆன் என்னும் பெண்மணியும் 1662இல் மறைந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் எஞ்சினர். மன்னராட்சி மீண்டபின், நண்பரான ஜார்ஜ் மார்லி வின்செஸ்டர் ஆயரானார்; வால்டன் அவரது இல்லத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். தம்மினும் முப்பத்தேழு ஆண்டுகள் இளையவரான சார்லஸ் காட்டன் என்னும் கவிஞரும் அவருக்கு உற்ற நண்பரானார். காட்டன் தம் நிலத்தின் வழியே ஓடிய டவ் ஆற்றங்கரையில் 1674இல் சிறிய மீன்பிடி இல்லம் ஒன்றைக் கட்டி, இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் பின்னிப் பிணைத்துக் கல்லில் பொறித்தார். 1676இல் வெளியான ஐந்தாம் பதிப்பில், பூச்சித்தூண்டில் பற்றிய பகுதியைக் காட்டனே எழுதிச் சேர்த்தார். தாம் முழுதறியாத பகுதியை அறிந்தவரிடம் ஒப்படைக்க, எண்பதைக் கடந்த மூத்தவர் தயங்கவில்லை.

நிறைவு

1683 ஆகஸ்டில், தொண்ணூறாம் அகவையில், வால்டன் தம் விருப்ப ஆவணத்தை எழுதத் தொடங்கினார். தம் பண்ணை நிலம் ஒன்று உரிய நிபந்தனைகளின்படி பிறந்த ஊரான ஸ்டாஃபோர்டுக்குச் சேரவும், அதன் வருவாயில் ஏழைச் சிறுவர்கள் தொழில் பயிலவும், குளிர்காலத்தில் வறியோர்க்கு நிலக்கரி வாங்கவும் அதில் வழிசெய்தார். அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் வின்செஸ்டரில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வூர்ப் பேராலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இங்கிலாந்து, அமெரிக்க நாடுகளின் தூண்டிற்காரர்கள் 1914இல் அங்கு அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றை அமைத்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் நைலான் இழை வந்தபின் குதிரைமுடி வழக்கொழிந்தது. தமிழக, ஈழக் கடற்கரைகளில் தங்கூசி என்னும் பெயரால் வழங்குவதும் நைலான் இழையே. பொருள் மாறினும் அறுவதற்கான காரணங்கள் மாறவில்லை. பாறையில் உரசிய கீறலும், இறுக்கிக் கட்டிய முடிச்சும், நெடுநாள் வெயிலும், திடீர் இழுப்பும் இன்றும் இழையை அறுக்கின்றன. முடிச்சை இறுக்குமுன் நனைத்துக்கொள்வது இன்றும் தூண்டிற்காரரின் நற்பழக்கமாக உள்ளது. இழையின் பழுதறிந்து, ஒத்தவற்றைச் சேர்த்து, நீரில் இட்டுச் சோதித்தபின்பே நம்புதல் வேண்டும் என்ற வால்டனின் நெறி, தூண்டிலுக்கு மட்டுமன்றி மனிதர் நம்பியிருக்கும் கருவிகள் அனைத்துக்கும் பொருந்தும்.