ஹென்றி பெல்: விடுதிக்கு ஆள் சேர்க்க ஓடிய நீராவிக் கப்பல்

நீராவின்னு சொன்னதுமே உங்களுக்கு ஜேம்ஸ் வாட் ஞாபகம் வந்திருப்பார். ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த கிரீனாக் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் ஹெலன்ஸ்பரோன்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. 1802-ல்தான் அதுக்கு நகர அந்தஸ்து கிடைச்சது. அந்த ஊரின் முதல் நகரத்தந்தை ஹென்றி பெல்.

1767-ல் பிறந்த பெல், கல்தச்சு வேலை, ஆலை இயந்திர வேலை, கப்பல் பட்டறை என்று பல தொழில் பழகியவர். ஹெலன்ஸ்பரோவில் அவரும் மனைவி மார்கரெட்டும் கடல்குளியலுக்கு வருவோருக்காக ஒரு விடுதி நடத்தினாங்க. ஆனா கிளாஸ்கோவிலிருந்து ஆள் வரணுமே! பாய்மரப் படகு காற்றையும் நீரோட்டத்தையும் நம்பித்தான் ஓடும். எப்போ போய்ச் சேரும்னு யாருக்கும் தெரியாது.

நீராவிப் படகு பற்றி பிரிட்டிஷ் கடற்படைக்கு பெல் எழுதிப் பார்த்தார், பலிக்கல. சரி, நாமே செய்வோம்னு இறங்கினார். கப்பலைக் கட்டியது போர்ட் கிளாஸ்கோவின் ஜான் வுட். எஞ்சின் ஜான் ராபர்ட்சன், கொதிகலன் டேவிட் நேப்பியர். 1811-ல் வானில் தெரிந்த வால்நட்சத்திரத்தின் நினைவாக 'காமெட்' என்று பெயர் வெச்சாங்க.

1812 ஆகஸ்டில் காமெட் ஓடத் தொடங்கியது. எஞ்சின் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 3, 4 குதிரைத்திறன்தான்! இன்னைக்கு உங்க பைக்குக்கு அதைவிட அதிகம். ஆனாலும் ஐரோப்பாவில் பயணிகளை ஏற்றி வணிகரீதியாக வெற்றிகரமாக ஓடிய முதல் நீராவிக் கப்பல் அதுதான்.

வெற்றியே அவருக்கு வினையாச்சு. சில வருஷத்திலேயே மற்றவர்கள் பெரிய, வேகமான கப்பல்களை இறக்கிட்டாங்க. காமெட்டை மேற்கு மலைநாட்டுக் கடல்வழிக்கு மாத்தினார் பெல். 1820 டிசம்பரில் கிரெய்க்னிஷ் முனை அருகே அது பாறையில் மோதி உடைந்தது. கடன் மட்டும் மிஞ்சியது. கடைசிக் காலத்தில் கிளைட் ஆற்று நிர்வாகம் கொடுத்த ஓய்வூதியம்தான் கை கொடுத்தது. 1830-ல் இறந்தார்.

எஞ்சின் அவர் செய்ததில்லை, கொதிகலனும் இல்லை, நீராவிப் படகு என்ற யோசனையும் முதலில் அவருடையதில்லை. அப்போ அவர் என்னதான் செய்தார்னு கேட்பீங்க. ஊருக்கு என்ன தேவைன்னு பார்த்தார். அதுக்கு வேண்டிய ஆட்களைத் தேடிச் சேர்த்தார். நஷ்டத்தைத் தன் தலையில் ஏத்துக்கிட்டார். காமெட்டின் எஞ்சின் இப்போ லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கு. ஹெலன்ஸ்பரோ கடற்கரையில் பெல்லுக்கு ஒரு நினைவுத்தூண் நிற்குது. உங்க ப்ராஜெக்ட் டீம்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார், ரிப்போர்ட்ல அவர் பேரை விட்டுடாதீங்க!