சகோதரர் லாரன்சு

சகோதரர் லாரன்சு (1614 அளவில் – பெப்ரவரி 12, 1691) பிரான்சின் பாரிசு நகரில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி ஆவார். இவரது இயற்பெயர் நிக்கோலா எர்மான். குருப்பட்டமோ உயர் கல்வியோ பெறாத இவர், கார்மேல் சபை மடமொன்றில் முதலில் சமையற்காரராகவும் பின்னர் செருப்புத் தைப்பவராகவும் பணியாற்றினார். அடுப்படி வேலையின் நடுவிலும் இறைவனோடு இடைவிடாது உரையாட முடியும் என்ற இவரது கருத்து, இறப்புக்குப் பின் வெளிவந்த சிறு நூல்கள் வழியாகப் பரவியது.

பிறப்பும் இளமையும்

லொரேன் பகுதியில் லூனெவில் நகருக்கு அருகிலுள்ள எரிமெனில் என்னும் சிற்றூரில் நிக்கோலா பிறந்தார். பதினெட்டாம் அகவையில், குளிர்காலத்தில் இலைகள் முற்றும் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். சிறிது காலத்தில் அதே மரம் தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. இறைவனின் ஆற்றலையும் பராமரிப்பையும் அன்று உணர்ந்ததாகவும், அவ்வுணர்வு பின்னர் ஒருபோதும் தம்மை விட்டு நீங்கவில்லை என்றும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர் தெரிவித்தார். இந்நிகழ்வில் தரிசனமோ வானொலிக் குரலோ ஏதுமில்லை. குளிர் நாடுகளில் எவரும் ஆண்டுதோறும் காணும் காட்சியே அது.

எனினும் அவர் உடனே துறவு பூணவில்லை. அது முப்பதாண்டுப் போர் (1618–1648) நடந்த காலம். படைவீரராகச் சேர்ந்த நிக்கோலாவைச் செருமானியப் படையினர் ஒற்றர் என ஐயுற்றுப் பிடித்துத் தூக்கிலிடப்போவதாக மிரட்டினர்; அவர் கலங்காமல் விடையளித்ததால் விடுவித்தனர். பின்னர் 1635இல் ராம்பர்வில்லேயில் சுவீடன் படையினருடன் நடந்த மோதலில் காயமுற்றுப் பெற்றோரின் இல்லம் திரும்பினார். சிறிது காலம் தனிமைத் தவ வாழ்வை முயன்றார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. பாரிசில் பியூபே என்னும் கருவூல அதிகாரியின் வீட்டில் ஏவலராகச் சேர்ந்தபோது, கைபட்டதை எல்லாம் உடைக்கும் பணியாளர் என்றே தம்மைப் பற்றிப் பிற்காலத்தில் கூறிக்கொண்டார்.

மடத்தில்

1640இல் பாரிசின் வொழிரார் தெருவில் இருந்த காலணி அணியாத கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். உடலுழைப்புப் பணிகளுக்குரிய சகோதரராக 1642இல் வார்த்தைப்பாடு அளித்தார். உயிர்த்தெழுதலின் லாரன்சு என்பது அவரது துறவறப் பெயர்.

பக்தி நூல்கள் பலவும் மரத்தடியிலிருந்து நேராகச் சமையலறை அமைதிக்குத் தாவிவிடுகின்றன. உண்மையில் இடையே கடுமையான பத்து ஆண்டுகள் உள்ளன. தாம் ஏமாற்றப்பட்டுள்ளோம், தமக்கு மீட்பு இல்லை என்ற அச்சம் அவரை வாட்டியது. செபம் ஆறுதல் தரவில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுதும் இத்துன்பத்திலேயே கழியலாம், கழிந்தாலும் இறையன்புக்காகவே செயல்படுவது என்று அவர் மனத்தை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே கலக்கம் நீங்கியது.

சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத ஒன்று. ஆயினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதைச் செய்தார். காலில் ஏற்பட்ட நோயினால் நின்று வேலை செய்ய இயலாதபோது செருப்புத் தைக்கும் பணி தரப்பட்டது. (இச்சபையினர் மூடிய காலணிகளைத் தவிர்த்துச் செருப்பு மட்டுமே அணிந்தனர், ஆகவே அது மடத்துக்குத் தேவையான வேலையே.) மடத்துக்குத் திராட்சை மது வாங்க ஓவெர்ன், பர்கண்டி பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டார். வணிகம் அறியாத அவர், கால் ஊனத்தால் படகில் பீப்பாய்களின் மேல் உருண்டே இடம்பெயர வேண்டியிருந்தது. பொறுப்பை இறைவனிடம் ஒப்படைத்துச் சென்றதாகவும், வேலை நன்றாகவே முடிந்ததாகவும் கூறினார்.

கருத்துகள்

லாரன்சிடம் நுணுக்கமான தியான முறை எதுவும் இல்லை. வேலையைத் தொடங்கும்போது சிறிய வேண்டுதல், செய்யும்போது இறைவனோடு எளிய பேச்சு, முடிந்ததும் செய்ததைத் திரும்பிப் பார்த்தல் என்பதே அவரது வழக்கம். தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதையே எண்ணி வருந்தாமல் மீண்டும் தொடர்வார். சட்டியில் முட்டை அடையைத் திருப்புவதும் தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதும் அன்புடன் செய்யப்பட்டால் வழிபாடே என்று அவர் கருதினார். குறித்த செபவேளைகளைச் சபை விதிப்படி கடைப்பிடித்தாலும், அவ்வேளைக்கும் வேலை வேளைக்கும் தமக்கு வேறுபாடு இல்லை என்றார். இது வேலையைச் சுவையாக்கும் உத்தி அன்று. பிடிக்காத வேலை பிடிக்காததாகவே இருக்கையிலும் செய்யத்தக்க பயிற்சி என்பதைக் கவனிக்க வேண்டும்.

நூல்களும் சர்ச்சையும்

லாரன்சு நூல் எதையும் வெளியிடவில்லை. கன்னியர்க்கும் பிறர்க்கும் எழுதிய 16 கடிதங்கள் எஞ்சியுள்ளன. கடைசிக் கடிதம் இறப்புக்கு ஆறு நாட்கள் முன்பு எழுதப்பட்டது. நான்கு உரையாடல்களை (1666–1667) பதிவு செய்தவர் யோசேப் டி போஃபோர் என்னும் குரு. கடிதங்களையும் ஆன்மிகக் குறிப்புகளையும் 1692இலும், உரையாடல்களை 1694இலும் அவரே வெளியிட்டார். இறைபிரசன்னப் பயிற்சி எனப் பொருள்படும் இன்றைய தலைப்பு பிற்காலப் பதிப்பாளர்கள் இட்டதாகும்.

அப்போது பிரான்சில் அமைதிவாதம் பற்றிய சர்ச்சை மூண்டிருந்தது. மனிதர் எதுவும் செய்யாமல் இறைவனிடம் முற்றிலும் செயலற்று இருப்பதே நிறைவு எனக் கூறுவதாக அக்கொள்கை கண்டிக்கப்பட்டது. லாரன்சை நேரில் கண்டிருந்த பேராயர் ஃபெனலோன், தம் வாதத்துக்கு அவரையும் சான்று காட்டினார். 1699இல் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட், ஃபெனலோனின் நூலிலிருந்து 23 கூற்றுகளைக் கண்டித்தார். அதன் நிழல் லாரன்சின் மீதும் விழுந்தது. நாள் முழுதும் அடுப்படியில் உழைத்த ஒருவரது பெயர் செயலின்மைக் கொள்கையோடு சேர்க்கப்பட்டது விந்தையே. பிரெஞ்சுக் கத்தோலிக்கரிடையே அவரது நூல்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டன.

அவற்றைக் காத்தவர்கள் புராட்டஸ்டன்ட் சபையினர். பியேர் புவாரே 1699இல் மறுபதிப்புச் செய்தார். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த பின் மெதடிச இயக்கத்தின் ஜான் வெசுலி தமது நூல்தொகுப்பில் பகுதிகளைச் சேர்த்தார். கார்மேல் துறவி கொன்ராட் டி மேசுடரின் ஆய்வுப் பதிப்பு 1991இல் வெளிவந்தது.

அவர் வாழ்ந்த மடத்தில் 1792 செப்டம்பரில், பிரெஞ்சுப் புரட்சியின்போது, சிறைவைக்கப்பட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் கொல்லப்பட்டனர். அதன் ஆலயம் இன்றும் உள்ளது. மடத்தின் வளாகத்தில் பாரிசு கத்தோலிக்க நிறுவனம் என்னும் உயர்கல்விக் கழகம் இயங்குகிறது.