டேவிட் சௌரி முத்து

டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து (1864 – 1940) காசநோய் மருத்துவத்தில் தேர்ந்த தமிழ் மருத்துவர் ஆவார். இங்கிலாந்தில் நெடுங்காலம் பணியாற்றிய இவர், 1928 ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை ஒன்றைத் தோற்றுவித்தார். தாம்பரம் சானடோரியம் என அறியப்படும் பகுதி அதிலிருந்தே பெயர் பெற்றது. இவரது பெயரில் உள்ள சௌரி, சவேரியார் என்பதன் தமிழ் வழக்காகும்.

இங்கிலாந்தில்

இவரது காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. 1882 ஆம் ஆண்டில் இராபர்ட் கோக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த பின்னரும், தூய காற்று, வெயில், சத்துணவு, ஓய்வு ஆகியவையே மருத்துவமாக இருந்தன. இவற்றை ஒழுங்குடன் அளிப்பதற்காக ஐரோப்பாவில் மலைப்பாங்கான இடங்களில் திறந்தவெளி மருத்துவமனைகள் எழுந்தன. சௌரி முத்து முதலில் வைட்டுத் தீவில் இருந்த இங்கில்வுட் மருத்துவமனையிலும், பின்னர் சாமர்செட் மாவட்டத்தில் வெல்சு நகருக்கு அருகே இருந்த மெண்டிப் மலை மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். திறந்தவெளி மருத்துவமனைகளில் பெற்ற 22 ஆண்டு அனுபவத்தை 1922 இல் நூலாக வெளியிட்டார். இந்திய மருத்துவத்தின் தொன்மை குறித்தும் நூல் எழுதியுள்ளார்.

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து நெவாசா என்னும் கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டபோது, அதே கப்பலில் சௌரி முத்துவும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1917 இல், நோயுற்ற இராமானுசன் மெண்டிப் மலை மருத்துவமனையில் இவரது பொறுப்பில் சேர்க்கப்பட்டார். அங்கு அவர் நீண்ட காலம் தங்கவில்லை. வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். இராமானுசனுக்கு இருந்தது காசநோயே அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்ற கருத்து 1990களில் முன்வைக்கப்பட்டது. எக்சு கதிர்ப் படமும் சளிச் சோதனையும் இன்றுள்ள அளவு வளராத அக்காலத்தில், நீடித்த காய்ச்சலையும் மெலிவையும் கண்ட மருத்துவர்கள் காசநோய் என ஐயுற்றதில் வியப்பில்லை.

தாம்பரம் மருத்துவமனை

தாயகம் திரும்பிய சௌரி முத்து, தாம்பரத்தில் பச்சைமலைக் குன்றை ஒட்டி ஏறத்தாழ 250 ஏக்கர் நிலத்தில் 1928 ஏப்ரலில் 12 படுக்கைகளுடன் தம் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் காசநோய் மருத்துவமனை இதுவே எனச் சில இடங்களில் எழுதப்படுவது தவறு. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915 முதலே ஒரு மருத்துவமனை இயங்கியது. ஆயினும் சென்னை நகரத்து நோயாளி இரயிலில் எளிதாகச் சென்று சேரக்கூடிய தொலைவில் அமைந்தது தாம்பரத்தின் சிறப்பாகும். 1937 இல் சென்னை மாகாண அரசு இம்மருத்துவமனையை ஏற்றது. சௌரி முத்து 1940 இல் மறைந்தார்.

பாத்திரமும் படுக்கையும்

இவ்வகை மருத்துவமனைகள் நோயாளிகளுக்கு மருத்துவத்துடன் தூய்மைப் பழக்கங்களையும் கற்பித்தன; வீடு திரும்பியவர் அவற்றைத் தொடர வேண்டும் என்பது நோக்கமாகும். நோயாளி தரையில் துப்புதல் கூடாது; மூடியுள்ள கிண்ணத்தில் துப்ப வேண்டும். சளி எரிக்கப்படும், அல்லது கார்பாலிக் அமிலக் கரைசலில் ஊற வைக்கப்படும். கிண்ணமும் உணவுப் பாத்திரங்களும் கொதிநீரில் இடப்படும். கொதிக்க வைக்க இயலாத மெத்தை, கம்பளி முதலியன வெயிலில் உலர்த்தப்படும்.

இம்முறைகளுக்கு அறிவியல் அடிப்படை உண்டு. காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகுத் தன்மை உடையதாதலால், அது உலர்ந்த நிலையையும் பல வேதிப்பொருள்களையும் தாங்கும். இருண்ட அறையில் காய்ந்த சளியில் அது பல வாரங்கள் உயிருடன் இருக்கக்கூடும். ஆனால் வெப்பத்துக்கும் நேரடி வெயிலுக்கும் அது எளிதில் அழியும். பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் சூடாக்கும் முறை இக்கிருமியைக் கருத்தில் கொண்டே வகுக்கப்பட்டது. கொதிநீரில் அது சில நிமிடங்களே தாங்கும். கழுவாத பாத்திரத்தில் கிருமிநாசினி ஊற்றுவதால் பயன் குறைவு. சளியும் உணவுத் துணுக்கும் கிருமியைப் போர்வைபோல் மூடிக் காப்பதால், முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, அதன் பின்னரே கிருமி நீக்க வேண்டும். சளியில் உள்ள புரதத்தை உறையச் செய்யும் பாதரசக் குளோரைடு போன்றவை மேற்பரப்போடு நின்றுவிட்டதால், அக்கால மருத்துவர்கள் சளிக்குக் கார்பாலிக் அமிலத்தையே விரும்பினர்.

எனினும் இவ்வொழுங்கு வீடுகளில் வேறு உருவம் எடுத்தது. எலும்புருக்கி வந்தவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் ஒதுக்கப்பட்டு, அவை வீட்டின் பிற பாத்திரங்களோடு ஒருபோதும் சேர்க்கப்படாமல் வைக்கப்பட்டன. நோய் நீங்கிய பின்னரும் அவை அவருடனேயே இருந்த குடும்பங்கள் பல. காசநோய் பெரிதும் இருமலின்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதந்து பிறர் நுரையீரலை அடைவதால் பரவுகிறது. தட்டு, தம்ளர், துணி வழியாகப் பரவுவதில்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்தாகும். ஆகவே நோயாளியின் பாத்திரத்தை ஏனையவற்றைப் போல் நன்கு கழுவி அனைவரும் பயன்படுத்தலாம். கதவு, சன்னல்களைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடுவதும், மருந்தை இடைவிடாது உண்பதுமே வீட்டாரைக் காப்பவை. காற்றோட்டத்தை வலியுறுத்திய திறந்தவெளி மருத்துவம், மருந்தாக நோயைக் குணப்படுத்தாவிடினும், பரவல் தடுப்பில் சரியான திசையில் இருந்தது எனலாம்.

சானடோரியத்துக்குப் பின்

சௌரி முத்து மறைந்த சில ஆண்டுகளில் இசுட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1952 இல் ஐசோனியாசிட் புழக்கத்துக்கு வந்தது. 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வீட்டிலும் மறு பிரிவினரை மருத்துவமனையிலும் வைத்து மருந்து அளித்து ஒப்பிட்டது. 1959 இல் வெளியான முடிவுகளின்படி, நெரிசலான வீட்டில், குறைந்த உணவுடன் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். வீட்டில் மருந்துண்டவர்களின் குடும்பத்தாருக்கு நோய்த்தொற்று அதனால் கூடுதலாக ஏற்படவில்லை என்பதும் தொடர் ஆய்வில் தெரிந்தது. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து மலையடிவாரத்தில் தங்க வேண்டிய தேவை இதனால் பெரிதும் நீங்கியது.

தாம்பரம் மருத்துவமனை மூடப்படவில்லை. அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக 700-க்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் வளர்ந்தது, எச்.ஐ.வி. தொற்றாளர்களுக்கான மருத்துவத்திலும் நாட்டின் முன்னோடி மையங்களுள் ஒன்றாயிற்று. அருகில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 இல் திறக்கப்பட்டது. கடற்கரை – தாம்பரம் புறநகர் வழித்தடத்தில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட நிலையம் தாம்பரம் சானடோரியம் என்னும் பெயரையே தாங்கியுள்ளது.