அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டவர்!

தெருவில் கிரிக்கெட் ஆடுகிறீர்கள். விதிகளைச் சொல்பவன், பேட் பிடிப்பவன், அம்பயர் எல்லாமே ஒரே பையன் என்றால் என்ன ஆகும்? அவன் அவுட்டே ஆக மாட்டான், இல்லையா? நாட்டை ஆள்வதிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதற்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் மேடிசன்.

ஆங்கிலேயர் ஆண்ட வர்ஜீனியாவில் 1751-ம் ஆண்டு மார்ச் 16-ம் தேதி பிறந்தார் மேடிசன். 12 பிள்ளைகளில் இவரே மூத்தவர். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வளர்ந்த பிறகும் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்தான். குரலும் மெல்லியது. ஆனால், படிப்பில் புலி!

1776-ல் அமெரிக்காவின் 13 காலனிகள் ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலையை அறிவித்தன. போரிலும் வென்றன. ஆனால், புதிய மத்திய அரசுக்கு வரி போடக்கூட அதிகாரம் இல்லை. மாநிலங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. இதைச் சரிசெய்ய 1787-ல் பிலடெல்பியா நகரில் 55 பிரதிநிதிகள் கூடினார்கள்.

மேடிசன் சும்மா போகவில்லை. நண்பர் ஜெபர்சன் பாரிஸிலிருந்து அனுப்பிய புத்தகங்களைப் படித்து, பழங்காலக் குடியரசுகள் ஏன் சரிந்தன என்று ஆராய்ந்துவிட்டுத்தான் போனார். பேச்சு வெளியே கசியக்கூடாது என்பதால், கொளுத்தும் கோடையிலும் ஜன்னல்களை மூடிவைத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் குறிப்பெடுத்தார் மேடிசன்.

நான்கு மாத விவாதத்துக்குப் பிறகு அரசியல் சட்டம் பிறந்தது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ். அதை நடைமுறைப்படுத்துபவர் ஜனாதிபதி. வழக்குகளைத் தீர்ப்பது நீதிமன்றம். காங்கிரஸ் அனுப்பும் மசோதாவை ஜனாதிபதி மறுக்கலாம். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால், அந்த மறுப்பையும் மீறிச் சட்டம் நிறைவேறும். ஒருவர் கையை இன்னொருவர் பிடிக்கிறார், பார்த்தீர்களா?

மக்களின் உரிமைகளைத் தனியாக எழுதத் தேவையில்லை என்றுதான் மேடிசன் முதலில் நினைத்தார். பிறகு மனதை மாற்றிக்கொண்டு, 1789-ல் தானே அதற்கான திருத்தங்களைக் கொண்டுவந்தார். பேச்சு, எழுத்து, வழிபாட்டுச் சுதந்திரம் உள்ளிட்ட உரிமைகளைக் காக்கும் 10 திருத்தங்கள் 1791-ல் நடைமுறைக்கு வந்தன.

1809-ல் நாட்டின் நான்காவது ஜனாதிபதி ஆனார். பதவியின் கடைசி முழுநாளான 1817 மார்ச் 3 அன்று, சாலைகளும் கால்வாய்களும் அமைக்கும் மசோதா ஒன்று வந்தது. அவை நாட்டுக்குத் தேவை என்பதே அவர் எண்ணமும். ஆனாலும், அரசியல் சட்டம் அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்.

இவரிடம் பெரிய குறை ஒன்றும் உண்டு. இவரது மான்ட்பெலியர் பண்ணையில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். அடிமைமுறை தவறு என்று அறிந்திருந்தும், தன் உயிலில்கூட அவர்களுக்கு விடுதலை தரவில்லை. அரசுக்குக் கடிவாளம் போட்டவர், தன் வீட்டில் போட மறந்தார்! அவர் இறந்தது 1836-ல். அடிமைமுறையை ஒழித்த 13-வது திருத்தம் வந்தது 1865-ல்தான்.

சரி குட்டீஸ், அடுத்த மேட்சில் யாரை அம்பயராக நிறுத்தப் போகிறீர்கள்?