கொலைன்னாலே நடுங்கியவர்தான் இந்தத் துப்பறியும் பாட்டி!

1961-ல வந்த 'மர்டர், ஷீ செட்' பார்த்திருக்கீங்களா? அகதா கிறிஸ்டியின் '4.50 ஃப்ரம் பேடிங்டன்' நாவல்தான் கதை. பக்கத்து ரயிலில் நடக்கும் கொலையைப் பார்த்துவிடுகிறார் மிஸ் மார்ப்பிள் பாட்டி. போலீஸ் நம்பலை. பாட்டியே வேலைக்காரியாக ஒரு பங்களாவுக்குள் புகுந்து துப்பறிய, படம் முழுக்கக் கலகலதான்.

அந்தப் பாட்டியாக நடித்த மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்கோ கொலைக் கதைன்னாலே ஆகாது. காரணம் கேட்டா நீங்களே ஆடிப்போயிடுவீங்க. 1892-ல அவர் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னாடி, அவருடைய அப்பா தன் சொந்த அப்பாவையே கொன்றவர். மனநலக் காப்பகத்திலிருந்து வெளியே வந்ததும் 'பென்' என்ற குடும்பப் பெயரை உதறிவிட்டு, புது வாழ்க்கை தேடி அந்தக் குடும்பம் வந்து இறங்கிய ஊர்... நம்ம மெட்ராஸ்! இங்கேதான் மார்கரெட்டின் அம்மா தற்கொலை செய்துகொண்டார். மூன்று வயசுக் குழந்தை இங்கிலாந்துக்குத் திரும்பி, அம்மாவின் சகோதரியிடம் வளர்ந்தது. அப்பா இறந்துட்டதா சொல்லிட்டாங்க. அவர் மறுபடியும் காப்பகத்தில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தனக்கும் அந்த நோய் வந்துடுமோங்கிற பயம் மார்கரெட்டை விடவே இல்லை.

பியானோ கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர், மேடை ஏறியதே 33 வயசில். மார்ப்பிள் வேடத்துக்குத் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார். படத்தில் கூடவே சுத்துற மிஸ்டர் ஸ்ட்ரிங்கர், நாவலில் கிடையாது. அது அவருடைய நிஜக் கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ்! கிறிஸ்டிக்கு இந்தப் படங்கள் பிடிக்கலை. ஆனா, 1962-ல வந்த மார்ப்பிள் நாவலை மார்கரெட்டுக்குத்தான் சமர்ப்பித்தார்.